பொறியியல் படிக்கும்போதே ராணுவத்தை நினைப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல், தகவல் தொடர்புப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் தாய்மாமா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கும் ராணுவத்தில் சேரும் ஆசை பள்ளிக் காலத்திலிருந்தே உண்டு. என் வகுப்புத் தோழன் இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரியை விட்டுவிட்டு அக்னிவீரராகச் சேர்ந்துவிட்டான்; என்னையும் வரச் சொல்கிறான். 'கடன் வாங்கிப் படிக்க வைத்தது இதற்கா?' என்று அப்பா கேட்கிறார். அடுத்த ஆண்டு வளாகத் தேர்வுகள் தொடங்கிவிடும். எனக்கு இரண்டு அரியர் இருக்கிறது, இந்தி தெரியாது. நான் ராணுவத்தில் சேரலாமா, வேண்டாமா?

பதில்: தம்பி, எந்தக் காரணத்துக்காகவும் கல்லூரியை இடையில் விட்டுவிடாதீர்கள். உங்கள் நண்பர் போன வழி வேறு, உங்களுக்குத் திறந்திருக்கும் வழி வேறு. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்பவர் சிப்பாய் நிலையில் நான்கு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார். அந்தக் காலம் முடிந்ததும் ஓர் அணியில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியுடன், ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வருவர். சிப்பாய்ப் பணியை நான் தாழ்வாக எண்ணவில்லை. உங்கள் தாய்மாமா செய்த வேலை அது, எல்லையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் வேலையும் அதுவே. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டமும் இல்லாமல் பணியும் இல்லாமல் நிற்க நேரும் அபாயத்தை, இன்னும் சில பருவத் தேர்வுகளில் பொறியாளராகப் போகும் ஒருவர் தாமே தேடிக்கொள்ளத் தேவையில்லை. பட்டத்தோடு சென்றால் நீங்கள் லெப்டினன்ட் நிலையில், அதிகாரியாக நுழையலாம்.

பொறியியல் பட்டதாரிகளுக்குத் தரைப்படையில் முக்கியமாக மூன்று வாயில்கள் உள்ளன. டிஜிசி எனப்படும் தொழில்நுட்பப் பட்டதாரிகள் நுழைவு முதலாவது. இது திருமணமாகாத ஆண்களுக்கானது, டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியில் பயிற்சி, முடிவில் நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயது வரை தொடரக்கூடிய அதிகாரிப் பணி. இரண்டாவது எஸ்எஸ்சி டெக் எனப்படும் தொழில்நுட்பக் குறுகியகாலப் பணி. இதில் ஆண், பெண் இருபாலரும் சேரலாம். இவ்விரண்டுக்கும் வயது 20 முதல் 27 வரை. எழுத்துத் தேர்வு கிடையாது. பொறியியல் மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு வாரியாக வடிகட்டி நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். இறுதியாண்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆறாம் பருவம் வரையிலான மதிப்பெண்ணே கணக்கில் கொள்ளப்படும். மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்களுக்கு இதன் பொருள் என்னவென்றால், ராணுவத் தேர்வு உங்களுக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது; இப்போது எழுதும் ஒவ்வொரு தாளும் அதன் பகுதிதான். மூன்றாவது வாயில், யுபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சிடிஎஸ் எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. இதை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். வயது வரம்பு இதில் குறைவு. டேராடூன் அகாடமிக்கு ஏறத்தாழ 24, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு ஏறத்தாழ 25. கல்லூரியில் தேசிய மாணவர் படையான என்சிசியில் இருந்து 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தனி நுழைவும் உண்டு.

அரியர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரியர் இருப்பதாலேயே உங்களை ஒதுக்கிவிட மாட்டார்கள். ஆனால் பயிற்சி தொடங்கிய பிறகு குறித்த கெடுவுக்குள் பட்டச் சான்றிதழைக் கொடுக்க முடியாதவரை வெளியே அனுப்புவதோடு, அதுவரை ஆன பயிற்சிச் செலவையும் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே அந்த இரண்டு தாள்களையும் வரும் தேர்விலேயே முடித்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'சேரலாமா?' என்று எனக்கு எழுதும் மாணவர்களில் பலர் நாட்டுப்பற்றைப் பற்றி எழுதுகிறார்கள். சிலர் ஊதியத்தைக் கேட்கிறார்கள். சீருடையின் மிடுக்கைச் சிலர் மறைக்காமல் சொல்கிறார்கள். இவை எதுவும் தவறில்லை. ஆயினும் ராணுவத்தில் ஒரு பொறியாளர் அதிகாரியின் நாள் எப்படிக் கழிகிறது என்பதை அறிந்துகொண்டு முடிவெடுப்பவர் மிகச் சிலரே. உங்களைப் போன்ற மின்னணுவியல் பட்டதாரியை, படையின் தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் படைப்பிரிவிலோ, கருவிகளையும் வாகனங்களையும் பராமரிக்கும் இஎம்இ பிரிவிலோ நியமிக்கலாம். அங்கே நீங்கள் சுற்று வடிவமைப்பில் ஈடுபடப் போவதில்லை. உங்களிடம் முப்பது நாற்பது வீரர்கள் ஒப்படைக்கப்படுவார்கள். அவர்களில் மூத்த சுபேதாருக்கு உங்கள் தந்தையின் வயதிருக்கலாம். நீங்கள் பிறப்பதற்கு முன்பே அவர் எல்லையில் நின்றிருப்பார். அவர் உங்களுக்கு வணக்கம் வைப்பார், நீங்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும், அதே வேளையில் முடிவெடுக்கும் பொறுப்பும் உங்களுடையதாகவே இருக்கும். ஒருவரின் மகளுக்கு உடல்நலமில்லை என்றால் விடுப்பு கொடுப்பதும், மற்றொருவரின் நிலத் தகராறுக்காக மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுவதும், பனிமலையில் அறுந்துபோன தொடர்பை விடிவதற்குள் மீட்டாக வேண்டும் என்று அவர்களோடு ஏறுவதும் ஒரே அதிகாரியின் வேலைகள். ராணுவத்தில் பொறியாளர் முதலில் ஆட்களை நடத்துபவர், அதற்குப் பிறகுதான் பொறியாளர். இதை நீங்கள் விரும்புகிறீர்களா என்பதைத்தான் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது, சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் இடையே இருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டு, மறுகரையில் சிக்கியவர்களை அடைய வழியில்லாமல் போனது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட, 1780 முதல் தன் வரலாற்றைக் கணக்கிடும் மெட்ராஸ் பொறியாளர் குழுவினர் அங்கே சென்று, மேஜர் சீதா ஷெல்கே களத்தில் நடத்த, மழையிலும் வெள்ளத்திலும் இரவு பகலாக உழைத்து 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தார்கள். 24 டன் வரை எடை தாங்கும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் மண் அள்ளும் பொறிகளும் ஆம்புலன்சுகளும் மறுகரைக்குப் போயின. பெய்லி பாலத்தில் புதிய பொறியியல் ஏதுமில்லை. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து வடிவமைப்பு, பலகை பலகையாகக் கைகளால் பூட்டக்கூடியது. அங்கே அதிகாரியிடம் தேவைப்பட்டது, வெள்ளம் ஓடும் ஆற்றின் நடுவே எங்கே தாங்குதூண் நிறுத்துவது என்று உடனே முடிவுசெய்யும் துணிவும், உறக்கமில்லாத வீரர்களைக் கடைசிப் பலகை வரை சோர்ந்துபோகாமல் நடத்தும் திறனும்தான். இதைப் படிக்கும்போது 'அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும்' என்று உங்கள் மனம் சொன்னால், நீங்கள் முயல வேண்டியவர் என்பது என் கருத்து. மாறாக, ஒரு கருவியை நாமே வடிவமைக்க வேண்டும், அதில் ஆண்டுக்கணக்கில் மூழ்க வேண்டும் என்பதுதான் உங்கள் நாட்டம் என்றால், நாட்டுப் பாதுகாப்புக்கு உழைக்கச் சீருடை அணிந்தாக வேண்டும் என்பதில்லை. ஆவடியில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகத்தில்தான் அர்ஜுன் டாங்கி வடிவமைக்கப்பட்டது. யுபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வு வழியாக ராணுவப் பொறியியல் சேவையில் சிவிலியன் பொறியாளராகச் சேரலாம். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனைகளைக் கொண்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்திலும் உங்கள் படிப்புக்கு இடமுண்டு.

ஆட்களை நடத்துவதா, கருவிகளை வடிவமைப்பதா என்ற கேள்விக்கு உங்களுக்கே விடை தெரியவில்லை என்றாலும் கவலை வேண்டாம். அதைக் கண்டறியத்தான், நேர்முகத் தேர்வு என்று முன்பு நான் குறிப்பிட்ட எஸ்எஸ்பி என்ற ஐந்து நாள் தேர்வு இருக்கிறது. முதல் நாள் வடிகட்டலிலேயே பெரும் பகுதியினர் திருப்பி அனுப்பப்படுவார்கள். எஞ்சியவர்களுக்கு உளவியல் தேர்வு, திறந்தவெளியில் குழுப் பணிகள், நேர்காணல், கடைசி நாளில் தேர்வாளர்கள் கூடி முடிவெடுக்கும் மாநாடு என்று தொடரும். உளவியல் தேர்வில் அறுபது சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் பதினைந்தே நொடிகளில் மனத்தில் தோன்றியதை எழுத வேண்டும். மனப்பாடம் செய்த விடைகளை எழுதுபவரின் எழுத்துக்கும், கட்டையையும் கயிற்றையும் கொண்டு தடையைக் கடக்கும்போது அதே நபர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் உள்ள முரண்பாட்டைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். ஆகவே பெருந்தொகை கொடுத்துப் பயிற்சி மையங்களில் சேருவதை நான் பரிந்துரைப்பதில்லை. தேர்வு முறையைத் தெரிந்துகொண்டால் போதும். 'பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன்' என்று யாரேனும் அணுகினால், அவர் ஏமாற்றுக்காரர் என்று தயங்காமல் முடிவுசெய்யுங்கள். ஒருமுறை தேர்வாகாவிட்டால், வயது வரம்புக்குள் மீண்டும் மீண்டும் வேறு நுழைவுகளில் முயலலாம்.

இந்தி தெரியாதது தடையே அல்ல. எஸ்எஸ்பியை முழுக்க ஆங்கிலத்திலேயே எதிர்கொள்ளலாம். கிராமத்திலிருந்து வரும் மாணவர்கள் உழைக்க வேண்டிய இடம் அதுதான். பிழையற்ற ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும் குழுவில் உங்கள் கருத்து மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவே. நாள்தோறும் நண்பர்களோடு அரை மணி நேரம் ஆங்கிலத்தில் விவாதித்தால் ஓராண்டில் அது கைகூடும். பணியில் சேர்ந்த பிறகு வீரர்களோடு பேச இந்தி வேண்டியிருக்கும். உங்கள் தாய்மாமா எப்படிக் கற்றாரோ அப்படியே நீங்களும் கற்றுவிடுவீர்கள்.

அப்பாவிடம் பேசும்போது கணக்கையும் எடுத்துச் சொல்லுங்கள். கடன் வாங்கியவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை கணக்கிடப்படுகிறது. உணவு முதலிய பிடித்தங்கள் போக மீதி கைக்கு வரும். லெப்டினன்டின் அடிப்படை ஊதியம் அதே 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அத்துடன் ராணுவச் சேவை ஊதியமாக 15,500 ரூபாயும் அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும். கல்விக் கடனை அடைக்க இது போதும். ஆனால் குறுகியகாலப் பணியைப் பற்றிய ஓர் உண்மையை அப்பாவிடம் மறைக்காதீர்கள். அது பத்து ஆண்டுப் பணி; விரும்பினால் மேலும் நான்கு ஆண்டுகள் நீட்டிக்கலாம். பத்தாம் ஆண்டில் நிரந்தர கமிஷன் கேட்கலாம் என்றாலும் கேட்ட அனைவருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர் பணிக்கொடையுடன், ஓய்வூதியம் இல்லாமல், முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயதில் வெளியே வந்து மீண்டும் வேலை தேட வேண்டும். அந்த வயதில் மென்பொருள் நிறுவனங்கள் அவரது பட்டத்தைப் பெரிதாகக் கருதாமல் போகலாம். ஆயினும் ஆட்களையும் பொருள்களையும் நிர்வகித்த அனுபவத்தைப் பல நிறுவனங்கள் மதிக்கின்றன. குடிமைப் பணித் தேர்விலும் இத்தகைய அதிகாரிகளுக்கு ஐந்து ஆண்டு வயதுத் தளர்வு உண்டு. இரண்டு நுழைவுகளுக்கும் விண்ணப்பிக்கத் தகுதி இருக்கும்போது, டிஜிசிக்கு முன்னுரிமை கொடுங்கள் என்றே நான் சொல்வேன்.

வளாகத் தேர்வைத் தவறவிடாதீர்கள். நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்துவிட்டால் எஸ்எஸ்பிக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே முயன்று இருபத்து ஐந்து, இருபத்து ஆறு வயதில் அகாடமிக்குச் செல்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் இப்போது எடுக்க வேண்டிய முடிவு 'முயல்வதா, வேண்டாமா' என்பது மட்டும்தான். திரும்ப முடியாத முடிவு அகாடமியில் சேரும் நாளில்தான் வருகிறது. ஏனென்றால் அதன் பிறகு சொந்த விருப்பத்தில் விலகுபவர் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும். அந்த நாளுக்கு முன் உடலையும் ஆயத்தப்படுத்துங்கள். ஆண்களிடம் 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடங்களில் ஓடும் திறனையும் நாற்பது தண்டால்களையும் எதிர்பார்க்கிறார்கள். இன்று மாலையே ஓடத் தொடங்கலாம்.

கேள்வி: என் ஒரே மகன் இயந்திரவியல் பட்டம் பெற்று, டிஜிசியில் தேர்வாகி, அகாடமியில் சேரும் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான். நல்ல நிறுவனத்தில் கிடைத்த வேலையையும் வேண்டாம் என்றுவிட்டான். எனக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. அவனைத் தடுப்பது பாவமா? - ஒரு தாய், தஞ்சாவூர்.

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. அது ஆபத்தில்லாத வேலை என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது உண்மையல்ல. கார்கில் போரின்போது 1999 மே மாதம் படாலிக் மலைப்பகுதியில் உயிர்நீத்த மேஜர் சரவணனைத் திருச்சி மறக்கவில்லை. 2014 ஏப்ரலில் ஷோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். தொழில்நுட்பப் பிரிவு அதிகாரிகள் பெரும்பாலான ஆண்டுகளைப் பணிமனைகளிலும் பயிற்சி நிறுவனங்களிலும் படை நிலையங்களிலும் கழிப்பார்கள் என்றாலும், எல்லைப் பகுதிப் பணி அவர்களுக்கும் முறை வைத்து வரும்.

தாய் தடுப்பதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். உங்கள் மகன் கைவசம் இருந்த வேலையை மறுத்து, ஐந்து நாள் தேர்விலும் மருத்துவச் சோதனையிலும் தேறி, தகுதிப் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறார். வேறு வழியின்றிப் போகிறவர் அல்லர் அவர். இத்தனை தெளிவோடு தேர்ந்தெடுத்த பாதையை உங்கள் கண்ணீருக்காக அவர் விட்டுவிட்டால், அந்த இழப்பு நாற்பது வயதிலும் அவரோடு இருக்கும். உங்களுக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும்.

அவர் கிளம்பும் முன் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. பயிற்சியின்போது கடுமையாகக் காயமடைந்து மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் பயிற்சி மாணவர்கள், அப்போது இன்னும் கமிஷன் பெற்றிருக்காததால், அதிகாரிகளுக்குரிய ஓய்வூதிய உரிமைகளைப் பெறுவதில்லை. அவர்களுக்குக் கருணைத் தொகையே வழங்கப்படுகிறது. அவர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இந்தக் குறை முழுமையாகத் தீர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். உங்கள் மகனிடம் நீங்கள் வலியுறுத்த வேண்டியது இதுதான்: வலியை மறைத்துக்கொண்டு ஓடக்கூடாது. கால் எலும்பில் ஏற்படும் சிறு விரிசலை உரிய ஓய்வில் சரிசெய்ய வாய்ப்பிருக்கும்போது, பின்தங்கிவிடுவோம் என்று அஞ்சி மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதைப் பெரிய முறிவாக்கிக்கொள்கிறார்கள். தாய் சொன்னால் கேட்பார்.

கேள்வி: கட்டுமானப் பொறியியல் இறுதியாண்டு மாணவி நான். கண்ணாடி அணிகிறேன். பெண்களுக்கு ராணுவத்தில் நிரந்தரப் பணி உண்டா? லேசிக் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் ஏற்பார்களா? - வாசகி, பொள்ளாச்சி.

பதில்: உண்டு. டிஜிசி இன்னும் ஆண்களுக்கு மட்டுமே என்பதால் நீங்கள் எஸ்எஸ்சி டெக் வழியாகவோ, சிடிஎஸ் வழியாக அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ முயல வேண்டும். பெரும்பாலான பிரிவுகளில் பெண்களைக் குறுகியகாலப் பணியோடு நிறுத்திவைத்திருந்த நிலை, 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பின் மாறியது. பொறியாளர் படை, சிக்னல்ஸ், இஎம்இ உள்ளிட்ட பிரிவுகளில் பெண் அதிகாரிகளும் நிரந்தர கமிஷனுக்குப் பரிசீலிக்கப்படுகிறார்கள். 2023 முதல் பீரங்கிப் படையிலும் பெண்கள் அதிகாரிகளாக உள்ளனர். காலாட்படையும் கவசப் படையும் இன்னும் திறக்கப்படவில்லை. கட்டுமானப் பொறியியல் படித்த உங்களுக்குப் பொறியாளர் படையே இயல்பான இடம்.

கண்ணாடி அணிவது மட்டுமே உங்களைத் தகுதியிழக்கச் செய்யாது. பார்வைக் குறைவின் அளவுக்கு வரம்பு உண்டு, நிறங்களைப் பிரித்தறியும் திறனும் சோதிக்கப்படும். லேசிக் சிகிச்சையைத் தரைப்படை நிபந்தனைகளோடு ஏற்கிறது. சிகிச்சையின்போது இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். சிகிச்சைக்கும் மருத்துவச் சோதனைக்கும் இடையே குறைந்தது பன்னிரண்டு மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். விழித்திரையும் கருவிழியின் தடிப்பும் குறித்த அளவுகளுக்குள் இருக்க வேண்டும். எனவே சிகிச்சைக்கு முன்பே, நீங்கள் விண்ணப்பிக்கவிருக்கும் நுழைவின் அறிவிப்பில் உள்ள கண் தகுதி விதிகளை அச்செடுத்துக் கண் மருத்துவரிடம் காட்டி, அவற்றுக்கு உட்பட்டு முடிவுசெய்யச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முந்தைய பார்வை அளவு உட்பட எல்லாப் பதிவுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்; சோதனையின்போது அவற்றைக் கேட்பார்கள். முதல் மருத்துவச் சோதனையில் தகுதியில்லை என்று அறிவிக்கப்பட்டாலும் அதுவே இறுதியன்று. 42 நாள்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் செல்லும் வாய்ப்பு உங்களுக்கு உண்டு.